வெல்லப்படாத உரோமும் வீழ்ந்த மன்னரும்: கிழக்குக் கோத்தரின் வெண்கலக் காசுச் சேகரிப்பு – ஒரு விமரிசன நோக்கு

1

நாணயத்தைப் பொருளாதார வரலாற்றின் சான்றாகக் கொள்வது ஆய்வாளர் வழக்கம். அதனை ஒரு வாசகமாகவும் கொள்ளலாம். தம்மைப்பற்றி மக்கள் என்ன நினைக்கவேண்டும் என அதனை வெளியிட்டோர் விரும்பினரோ, அதனை அவர்கள் விரல் நுனியளவான உலோகப் பரப்பிலே, சில சொற்களாலும் ஓரிரு உருவங்களாலும் கூறிவைத்தனர். ஆகவே இலக்கியப் பனுவலொன்றை நோக்கி எழுப்பப்படும் வினாக்கள் நாணயத்தை நோக்கியும் எழுப்பப்படல் தகும். கூறுவோர் யாவர், யாருக்குக் கூறுகின்றனர், கூற்றுக்கும் நிலைமைக்கும் இடையேயுள்ள தூரம் எத்தகையது என்பன அவற்றுள் முதன்மையானவை.

ஆயின், பண்டைய நாணயங்கள் மண்ணிலிருந்து நேரே ஆய்வாளனின் மேசைக்கு வந்து சேர்வதில்லை. அவற்றுட் பெரும்பாலானவை சேகரிப்போனின் தட்டிலிருந்தே வருகின்றன. எதனைப் பேணுவது, எதனை விடுவது, எதனை எதற்கு அருகில் வைப்பது என்னும் முடிவுகளை ஆய்வாளனுக்கு முன்னரே சேகரிப்போன் எடுத்துவிடுகின்றான். அம்முடிவுகளும் ஒருவகை விமரிசனமே. அவை விமரிசனமென உணரப்படாமையாலேயே அவற்றின் செல்வாக்கு மிகுதியாகின்றது.

கி.பி. 493 முதல் 552 வரை இத்தாலியில் ஆட்சி செலுத்திய கிழக்குக் கோத்தர் காலத்து வெண்கலக் காசுகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். இக்காசுகளைச் சேகரிப்போர் நெடுங்காலமாக அவற்றை மன்னர் வரிசைப்படி அடுக்கி, மன்னனின் உருவம் தெளிவாகத் தெரியும் காசுக்கே முதலிடம் அளித்து வந்துள்ளனர். ஆனால் இவ்வெண்கல மரபின் தொடக்கப் பகுதியில் மன்னனின் உருவமும் இல்லை, பெயரும் இல்லை. சேகரிப்பின் ஒழுங்கு காசுகளின் இயல்புக்கு மாறாக அமைந்ததனால் விளைந்த திரிபுகளை இனங்காண்பது இக்காசுகளைப் பயில்வோர்க்கு இன்றியமையாததாகும்.

2

வரலாற்றுப் பின்னணியைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். 476 இல் உரோமுலஸ் அவுகுஸ்துலஸ் என்னும் இளம் பேரரசனைப் பதவி நீக்கி, ஓடோவாக்கர் என்னும் படைத்தலைவன் இத்தாலியைத் தன்வசமாக்கினான். 489 இல் கொன்ஸ்தாந்தினோப்பிளிலிருந்து ஆண்ட பேரரசன் செனோவின் இசைவோடு கோத்தர் தலைவன் தியோடெரிக் இத்தாலியுட் புகுந்தான். 493 இல் இராவென்னாவில் ஓடோவாக்கரைக் கொன்று ஆட்சியைக் கைப்பற்றிய அவன் 526 வரை ஆண்டான். அவனுக்குப் பின் மகள் அமலசுந்தாவின் பாதுகாப்பில் பேரன் அதலாரிக் 534 வரையும், அதன் பின் தியோடகாட் 536 வரையும், விற்றிகிஸ் 540 வரையும் அரசு செய்தனர். 535 இல் பேரரசன் யுஸ்தீனியன் தொடங்கிய போர் இடையிடையே தணிந்தும் மூண்டும் நீடித்தது. 541 முதல் 552 வரை போரிட்ட தொற்றிலாவும், அவனுக்குப் பின் சில மாதங்களே ஆண்ட தெயாவும் களத்தில் மடிந்தபோது கோத்தர் அரசும் முடிவுற்றது.

தியோடெரிக்கின் நிலை இருமுகப்பட்டது. கோத்தருக்கு அவன் மன்னன். உரோமருக்கோ பேரரசனின் பெயரால் ஆள்பவன். இவ்விருமுகத் தன்மையை அவனது நாணயங்கள் நுட்பமாகப் பிரதிபலிக்கின்றன. பொற்காசுகள் பேரரசனின் பெயரையும் உருவையுமே தாங்கின. வெள்ளிக் காசுகளின் முகப்பில் பேரரசனின் தலையும், பின்பக்கத்தில் மன்னனின் கூட்டெழுத்து அல்லது பெயரும் இடம்பெற்றன. தியோடெரிக்கின் உருவம் பொறித்த பொற்பதக்கமொன்று இன்று உரோமிலுள்ள தேசிய நூதனசாலையிற் பேணப்படுகின்றது. மீசையும் நீண்ட தலைமயிரும் உடையவனாக அவன் அதில் தோன்றுகின்றான். எனினும் அது கொடையாக வழங்கப்படும் பதக்க வகையைச் சார்ந்தது; சந்தைப் புழக்கத்துக்குரிய காசன்று.

பொன்னின் மீது பேரரசனுக்கிருந்த இத்தனியுரிமை அக்காலத்தவரால் வெளிப்படையாகவே உணரப்பட்டது. தன் உருவைப் பொன்னிற் பொறிக்கும் உரிமை பாரசீக மன்னனுக்கும் இல்லை என்றும், அதனைத் துணிந்து செய்த பிராங்கியரின் செயல் வழக்கத்துக்கு மாறானது என்றும் வரலாற்றாசிரியர் புரொக்கோப்பியஸ் குறிப்பிட்டுள்ளார். அதே நூற்றாண்டில் எழுதிய கொஸ்மஸ் என்னும் வணிகத் துறவி கூறும் கதையொன்று ஈழத்தவர்க்கு நன்கு அறிமுகமானது. தப்ரபேனின் மன்னன் அவையில், உரோமப் பேரரசனும் பாரசீக மன்னனும் ஆகிய இருவருள் யார் பெரியவர் என்னும் விவாதம் எழுந்ததாம். அப்போது சோபாத்திரஸ் என்னும் வணிகன் உரோமப் பொற்காசையும் பாரசீக வெள்ளிக்காசையும் மன்னன் முன் ஒருங்கே வைத்து வெற்றி கண்டதாகக் கொஸ்மஸ் எழுதுகின்றார். நிகழ்ச்சி உண்மையாயினும் புனைவாயினும், ஆறாம் நூற்றாண்டு மனிதன் நாணயத்தில் அரசுகளின் தரவரிசையைப் படித்தறிந்தான் என்பதற்கு அது சான்றாகின்றது. கோத்த மன்னர் பொன்னில் தம் பெயரை அடக்கிக்கொண்டதன் காரணம் இதனால் விளங்கும்.

3

வெண்கலத்தின் நிலை வேறு. அது எல்லை கடந்து செல்வதில்லை. அதன் உலகம் நகரத்தின் சந்தை. 445 இல் பேரரசன் மூன்றாம் வலந்தீனியன் பிறப்பித்த சட்டமொன்று, நாணய மாற்றுநரிடம் 7200 நும்முசுக்கு வாங்கப்பட்ட பொற்காசு 7000 நும்முசுக்குக் குறைவாக விற்கப்படலாகாது என விதித்தது. நும்முஸ் என்பது பெரும்பாலும் ஒரு சதமமீற்றர் குறுக்களவுகூட இல்லாத சிறு செப்புத் துணுக்கு. ஒரு பொற்காசுக்கு ஈடாக ஏழாயிரம் துணுக்குகளை எண்ணிக் கொடுக்கவேண்டிய நிலையில், சிறு கொடுக்கல் வாங்கல் எத்துணை இடர் மிகுந்ததாக இருந்திருக்கும் என்பதை ஊகித்தறியலாம். பாண் வாங்கச் செல்பவன் பொற்காசைக் கொண்டு செல்வதில்லை. அவனுக்கு வேண்டியது, துணுக்குக்கும் பொன்னுக்கும் இடைப்பட்ட பருமனான ஒரு காசாகும்.

அத்தகைய காசு ஐந்தாம் நூற்றாண்டின் கடைசிக் காலப்பகுதியில், செனோவின் பெயரால், உரோம் நகரிலேயே தோன்றியது. நாற்பது நும்முஸ் மதிப்புடைய அப்பெரும் வெண்கலக் காசில் மதிப்பைச் சுட்டும் உரோம எண்ணுரு பொறிக்கப்பட்டது. 7200 என்னும் கணக்கின்படி அத்தகைய காசுகள் 180 ஒரு பொற்காசுக்கு ஈடாகும். பேரரசன் அனஸ்தாசியஸ் 498 இல் கொன்ஸ்தாந்தினோப்பிளில் மேற்கொண்ட புகழ்பெற்ற வெண்கலச் சீர்திருத்தம் இதற்குப் பிற்பட்டதே. அங்கு நாற்பது, இருபது, பத்து, ஐந்து என்னும் மதிப்புகள் கிரேக்க எழுத்துக்களாற் குறிக்கப்பட்டன. பண்பாட்டில் தாழ்ந்ததெனக் கருதப்பட்ட மேற்கு, இவ்விடயத்தில் கிழக்குக்கு முன்னோடியாக விளங்கியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதனைத் தொடர்ந்து தியோடெரிக் காலத்திலும் அதலாரிக் காலத்திலும் வெளிவந்த பெரும் வெண்கலக் காசுகளின் முகப்பில் பேரரசனுமில்லை, மன்னனுமில்லை. தலைச்சீரா அணிந்த உரோம் நகரத் தெய்வத்தின் உருவமும், அதனைச் சூழ ‘இன்விக்தா ரோமா’, அதாவது ‘வெல்லப்படாத உரோம்’ என்னும் பொறிப்புமே காணப்படுகின்றன. பின்பக்கத்தில் இரட்டைக் குழந்தைகளுக்குப் பாலூட்டும் ஓநாயோ, சிறகு விரித்த கழுகோ இடம்பெறும். இருபது நும்முஸ் காசுகள் சிலவற்றில் அத்திமரமும் அதன் இருமருங்கிலும் இரு கழுகுகளும் உள்ளன. ஓநாயும் அத்திமரமும் நகரின் தோற்றக் கதைக்குரியவை. மேற்குப் பேரரசின் அதிகாரம் அற்றுப்போன பின், நகரம் தன் பிறப்புக் கதையை நாணயத்திலே மீட்டுக் கூறத் தொடங்கியது. இராவென்னாவும் ‘பீலிக்ஸ் இராவென்னா’, அதாவது ‘பேறுபெற்ற இராவென்னா’ என்னும் பொறிப்புடன், கோட்டைமதில் வடிவான முடியணிந்த பெண்ணுருவைத் தன் பத்து நும்முஸ் காசுகளில் வெளியிட்டது.

‘வெல்லப்படாத’ என்னும் அடைமொழி ஊன்றி நோக்கத்தக்கது. 410 இல் மேற்குக் கோத்தரும், 455 இல் வண்டாலரும், 472 இல் இரிக்கிமரின் படையும் உட்புகுந்து சூறையாடிய நகரம் அது. இக்காசுகள் வெளிவந்தபோது அதன்மீது கோத்த மன்னனின் ஆணை செல்லுபடியாகிக் கொண்டிருந்தது. எனவே இப்பொறிப்பை உண்மை நிலையின் கூற்றாகக் கொள்ளல் இயலாது. வெற்றுப் பொய்யென ஒதுக்கிவிடுதலும் பொருந்தாது. தோல்விகளை ஒப்புக்கொள்ள மறுத்த ஒரு வர்க்கத்தின் தன்மதிப்புக் குரல் அது. அவ்வர்க்கம் உரோமின் செனற்சபையைச் சார்ந்த நிலவுடைமைக் குடும்பங்களாலானது. செனோ காலத்து வெண்கலத்திலும் பின்வந்த சில காசுகளிலும் காணப்படும் ‘செனற்றின் தீர்மானப்படி’ என்னும் பொருளுடைய ஈரெழுத்துக் குறிப்பும் இதனை வலியுறுத்தும்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. நகரின் சின்னங்களைத் தாங்கியமையால் இவை நகர மக்களின் காசுகள் என முடிவு செய்துவிடக்கூடாது. சந்தையில் அவற்றைக் கையாண்டவர் எளிய மக்கள். சின்னங்களைத் தெரிந்தவர் உயர்குடியினர். அதனை அனுமதித்தவன் மன்னன். அவ்வனுமதியின் எல்லையையும் வரலாறு காட்டுகின்றது. அரண்மனைக் காவலர்க்கு நிறை குறைந்த காசுகள் வழங்கப்படுகின்றன என்ற முறைப்பாட்டை ஆராயுமாறு தியோடெரிக்கின் பெயரால் கசியொடோரஸ் எழுதிய மடலொன்று, செனற்சபையைச் சார்ந்த பேரறிஞர் பொயதியசுக்கு அனுப்பப்பட்டது. அதே பொயதியஸ் 524 அளவில் அதே மன்னனின் ஆணையாற் கொல்லப்பட்டார். ‘வெல்லப்படாத உரோம்’ என்னும் காசு அதற்குப் பின்னரும் வெளிவந்தது.

4

இம்மரபிலிருந்து முற்றிலும் விலகி நிற்பது தியோடகாட்டின் பெரும் வெண்கலக் காசு. சேகரிப்போர் அனைவரும் நாடும் காசு இதுவே. முகப்பில், மணிகள் பதித்த ஆடையும் மார்பிற் சிலுவையும் மூடிய முடியும் அணிந்த மன்னன் வலப்புறம் நோக்கித் தோன்றுகின்றான். மேலுதட்டில் மீசை உள்ளது. ‘எம் தலைவன் தியோடகாட் மன்னன்’ என்னும் பொருளுடைய இலத்தீன் பொறிப்பு அவனைச் சூழ்ந்துள்ளது. பின்பக்கத்தில் கப்பலின் முன்முனையில் நின்று மாலையேந்தும் வெற்றித் தெய்வமும், ‘விக்தோரியா பிரின்கிபும்’ என்னும் பொறிப்பும், செனற்றின் ஈரெழுத்துக் குறிப்பும் உள்ளன. மதிப்பைக் காட்டும் எண் இல்லை. செதுக்குத் திறனில் அந்நூற்றாண்டின் வெண்கலக் காசுகளுள் இதற்கு நிகரானவை மிகச் சிலவே.

பின்பக்க உருவம் முதலாம் நூற்றாண்டிலே வெஸ்பாசியன் காலத்து வெண்கல நாணயங்களிற் காணப்படும் கடல்வெற்றி உருவைத் தழுவியது என்பது நாணயவியலாளர் கருத்து. நானூறு ஆண்டுகள் பழைமையான நாணயம் செதுக்குநனின் கைக்கு எட்டியது வியப்புக்குரியதன்று. பண்டைய பெரும் வெண்கல நாணயங்கள் சிலவற்றில் 83 என்றும் 42 என்றும் எண்கள் வெட்டப்பட்டு அவை மீளவும் புழக்கத்துக்கு வந்துள்ளன. அவ்வெண்கள் இத்தாலியில் வெட்டப்பட்டனவா, வண்டாலர் ஆண்ட வட ஆபிரிக்காவில் வெட்டப்பட்டனவா என்பது விவாதத்துக்குரியது. பழைய காசுகள் மக்கள் கையிலிருந்தன என்பதில் ஐயமில்லை.

அழகிற் சிறந்த இக்காசைக் காலச் சூழலில் வைத்து நோக்கும்போது கடுமையான முரண்பாடொன்று வெளிப்படுகின்றது. தியோடகாட் போர்க்களத்திற் பயிலாதவன். பிளேட்டோவின் தத்துவத்தைக் கற்றவன் என்றும், அயலாரின் நிலங்களைக் கவர்வதிற் பேராசை கொண்டவன் என்றும் புரொக்கோப்பியஸ் அவனைச் சித்திரிக்கின்றார். தன்னை அரசனாக்கிய அமலசுந்தாவைச் சிறைப்படுத்தியவன் அவன். 535 இல் அவள் கொலையுண்டாள். அதுவே யுஸ்தீனியனின் படையெடுப்புக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. அவ்வாண்டின் இறுதிக்குள் சிசிலி பெலிசாரியஸ் வசமாயிற்று. அச்சமுற்ற தியோடகாட், சிசிலியை விட்டுக்கொடுக்கவும், ஆண்டுதோறும் 300 இறாத்தல் நிறையுள்ள பொன்முடியொன்றை அனுப்பவும், கேட்டபோது 3000 கோத்த வீரரை வழங்கவும் இசைந்தான். தனக்கென எச்சிலையும் தனித்து நாட்டப்படாது, பேரரசனின் சிலையோடு சேர்த்தே, அதுவும் பேரரசன் வலப்பக்கமாக, நாட்டப்படும் என்பதும் அவன் உடன்பட்ட நிபந்தனைகளுள் ஒன்றெனப் புரொக்கோப்பியஸ் கூறுகின்றார்.

தனிச்சிலையைத் துறக்க இசைந்தவன் தன் தனியுருவைக் காசிற் பொறித்திருந்தான் என்பது சிந்தனைக்குரியது. ‘பிரின்கிபும்’ என்னும் பன்மை வடிவமும் இங்குக் கருதத்தக்கது. வெற்றி ‘தலைவர்களுக்கு’ உரியது என்று கூறும்போது, பேரரசனையும் தன்னையும் ஒருசேரக் குறித்தான் எனப் பொருள் கொள்ள இடமுண்டு. முகப்பில் தனித்த இறைமையும் பின்பக்கத்தில் பகிர்ந்த தலைமையும் இவ்வாறு ஒரே காசில் அருகருகே நிற்கின்றன. கப்பல் மீது நிற்கும் வெற்றித் தெய்வத்துக்கு ஈடாகக் காட்டத்தக்க கடல்வெற்றி எதுவும் அவனுக்கு இல்லை. 536 இல் கோத்தர் அவனைப் பதவி நீக்கினர். இராவென்னா நோக்கித் தப்பியோடுகையில் வழியிலே அவன் கொல்லப்பட்டான்.

கோத்த மன்னரின் வெண்கலத்தில் அரசத் தோற்றம் மிகுந்த காசு, அரசத் தகுதியிற் குறைந்தவனுடையது என்பது இதனாற் புலனாகும். நாணயத்தின் அழகைக் கொண்டு ஆட்சியின் வலிமையை மதிப்பிடும் சேகரிப்பு மனப்பான்மைக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. எட்டாண்டுகள் மகனுக்காக ஆட்சியை நடத்திய அமலசுந்தாவின் பெயரில் ஒரு வெண்கலக் காசுதானும் அறியப்படவில்லை. மன்னர் வரிசைப்படி அடுக்கப்பட்ட தட்டில் அவளுக்கு இடமில்லை. ஏறக்குறைய இரண்டாண்டுகளே ஆண்ட தியோடகாட்டுக்கோ நடுவிடம் கிடைக்கின்றது.

5

பிற்பட்ட காசுகள் தோற்றத்தில் எளியவை, செய்தியிற் செறிந்தவை. விற்றிகிஸ் தன் உருவைப் பெரும் வெண்கலத்திற் பொறிக்கவில்லை. பத்து நும்முஸ் காசின் பின்பக்கத்தில், இலைமாலைக்குள், வரிவரியாக அவன் பெயர் மட்டும் எழுதப்பட்டது. 536 டிசெம்பரில் உரோம் நகரம் பெலிசாரியசுக்குக் கதவு திறந்தது. நகரை முற்றுகையிட்ட விற்றிகிஸ், இராவென்னாவிற் பணயமாக வைத்திருந்த செனற்சபையினரை 537 இல் கொல்வித்தான். செனற்றின் பெயரால் காசடித்த மன்னருக்கும் செனற்சபைக்கும் இடையே நிலவிய இணக்கம் அத்துடன் முறிந்தது.

தொற்றிலாவின் காசுகளிற் சேகரிப்போனை முதலில் ஈர்ப்பது அவனது பெயராகும். வரலாற்று நூல்கள் அனைத்தும் தொற்றிலா என்றழைக்கும் அம்மன்னன், தன் காசுகளிற் பாதுயிலா என்றே காணப்படுகின்றான். எதிர்த்தரப்பினரான கிரேக்க ஆசிரியர் எழுத்தின் வழி நிலைபெற்ற பெயருக்கும், அவன் தன்னைத் தானே அழைத்த பெயருக்கும் உள்ள வேறுபாட்டைச் சின்னஞ்சிறு வெண்கலக் காசு காத்துத் தந்துள்ளது. சேகரிப்பின் பயனுக்கு இதுவொன்றே போதிய சான்றாகும்.

வெள்ளியிலோ அவன் மற்றொரு துணிவான செயலைச் செய்தான். தன் பகைவனான யுஸ்தீனியனின் உருவை நீக்கிவிட்டு, 518 இலேயே இறந்துபோன அனஸ்தாசியசின் உருவை மீண்டும் பொறித்தான். 497 இல் தியோடெரிக்கின் ஆட்சியை ஏற்று அங்கீகரித்தவர் அனஸ்தாசியஸ். பேரரசு என்னும் நிறுவனத்தை ஏற்றுக்கொண்டு, ஆளும் பேரரசனை மறுக்கும் அரசியல் வாதம் இங்கு ஓர் எழுத்தும் மிகையின்றி உருவாலேயே முன்வைக்கப்பட்டுள்ளது. வெண்கலத்தில் அவன் மேலும் ஒருபடி சென்றான். பத்து நும்முஸ் காசில் முடியணிந்த அவனது முகம் நேர்நோக்கிக் காணப்படுகின்றது. 538 அளவில் யுஸ்தீனியன் தன் வெண்கலத்திற் புகுத்திய நேர்முகத் தோற்றத்தோடு இது போட்டியிடுகின்றது. பின்பக்கத்தில் ஈட்டியும் கேடயமும் தாங்கிய வீரனும், ‘என்றும் செழிப்பாயாக’ எனப் பொருள்படும் பொறிப்பும் உள்ளன.

இவ்வாழ்த்தின் முன்னிலை யார்? வாழ்த்துவோர் குடிகளாயின் முன்னிலை மன்னனே. வாழ்த்துவோன் மன்னனாயின் முன்னிலை நகரமாகலாம். 546 இல் தொற்றிலா உரோமைக் கைப்பற்றி அதன் மதிலில் ஒரு பகுதியை இடித்தபோது, நகரம் பசியாலும் வெளியேற்றத்தாலும் ஏறத்தாழ வெறுமையுற்றிருந்தது. பாவியா என இன்று வழங்கும் திகினம் நகரில் அவன் வெளியிட்ட காசுகளில் ‘பீலிக்ஸ் திகினுஸ்’ என்னும் பொறிப்புடன் முடியணிந்த நகரத் தெய்வம் தோன்றுகின்றது. உரோமும் இராவென்னாவும் முன்னர் பெற்றிருந்த அடைமொழிகள் எஞ்சியிருந்த நகரொன்றுக்கு இடம்பெயர்ந்துவிட்டன. பொறிப்புகளை ஆண்டு வரிசைப்படி வைத்துப் படிப்பின், சுருங்கிவரும் அரசொன்றின் நிலப்படம் தெளிவாகின்றது.

6

இக்காசுகளை அறிவுலகம் எவ்வாறு வகைப்படுத்தியது என்பதை நான்கு நூல்களின் தலைப்புகளைக் கொண்டே அறியலாம். 1911 இல் வோர்விக் றோத் பிரித்தானிய நூதனசாலைக்காகத் தொகுத்த பட்டியல் வண்டாலர், கிழக்குக் கோத்தர், இலொம்பாடியர் ஆகியோரின் நாணயங்களையும், தெசலோனிக்கா, நிக்கேயா, திரெபிசொந் ஆகிய பிற்காலச் சிற்றரசுகளின் நாணயங்களையும் ஒரே தொகுதியில் அடக்கியது. இவற்றிடையே காலத்தாலோ இடத்தாலோ நெருங்கிய தொடர்பில்லை. பைசாந்தியப் பேரரசர்க்கென றோத் 1908 இல் வெளியிட்ட பெரும்பட்டியலில் இடம்பெறாதவை இங்கு ஒதுங்கின எனலாம். பட்டியலின் விவரணைத் திறனை எவரும் குறைகூற முடியாது. எனினும் அதன் கட்டமைப்பு, கோத்தர் காசுகளைப் பேரரசின் வரலாற்றுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

1928 இல் வெளிவந்த கிறவுசின் ஜேர்மன் நூல் ‘ஓடோவாக்கரினதும் இத்தாலியில் அமைந்த கிழக்குக் கோத்த அரசினதும் நாணயங்கள்’ எனப் பெயர் பெற்றது. அங்கு இனக்குழுவின் இடத்தை அரசு பெற்றது. 1973 இல் வொல்ப்காங் ஹான் தம் பைசாந்திய நாணயத் தொகுப்பின் முதலாம் பாகத்தில், அனஸ்தாசியஸ் முதல் யுஸ்தீனியன் வரையான பேரரச நாணயங்களோடு கோத்தர், வண்டாலர் வெளியீடுகளையும் உள்ளடக்கினார். பொன், வெள்ளி, வெண்கலம் ஆகியன ஒரே மதிப்பமைப்பின் உறுப்புகளாக நோக்கப்பட்டன. 2004 இல் மைக்கேல் மெற்லிக் வெளியிட்ட நூலின் தலைப்போ ‘கிழக்குக் கோத்தர் கால இத்தாலியின் நாணயங்கள்’ என நாட்டை முதன்மைப்படுத்தியது. இனம், அரசு, பேரரசு, நாடு என நான்கு தலைப்புகளும் நான்கு நோக்குகளைக் காட்டுகின்றன. வெண்கலத்தைப் பொறுத்தவரை நகரம் என்னும் ஐந்தாவது நோக்கும் வேண்டப்படுகின்றது. ஏனெனில் காசுகள் தாமே முன்வைக்கும் வகைப்பாடு அதுவே.

மெற்லிக்கின் நூலில், எர்மன்னோ அர்ஸ்லானுடன் இணைந்து அவர் மேற்கொண்ட தியோடகாட் காசுகளின் அச்சாய்வு சேர்க்கப்பட்டுள்ளமை தனியே விதந்து கூறத்தக்கது. ஒரே முகப்பச்சு எந்தெந்தப் பின்னச்சுகளோடு இணைந்தது என்பதை ஒப்பிட்டு, அச்சுக்கள் பயன்பட்ட வரிசையையும் வெளியீட்டின் பரப்பையும் கணிக்கும் முறையே அச்சாய்வு. இம்முறைக்குத் தேய்ந்த காசும் தெளிந்த காசும் ஏறத்தாழ ஒரே பயனுடையவை. அழகு நோக்கிச் சேர்க்கப்பட்டவை அழகைக் கருதாத ஓர் ஆய்வுக்கு உதவுகின்றன. அதேவேளை, இவ்வாய்வு முதலில் தியோடகாட்டின் காசுக்குக் கிட்டியமைக்குச் சேகரிப்போரின் விருப்பமும் ஒரு காரணமாகும். படங்களோடு பதிவான காசுகள் போதிய எண்ணிக்கையிற் கிடைக்காவிடில் அச்சாய்வு இயலாது. விலை மிகுந்த காசுகளே அவ்வாறு பதிவாகின்றன. மன்னன் பெயரற்ற தேய்ந்த நும்முசுகள் விற்பனையில் குவியலாகக் கைமாறுகின்றன.

சேகரிப்பின் மறுபக்கத்தையும் நேர்மையாகக் கூறுதல் வேண்டும். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திற் கற்பித்த பிலிப் கிரியர்சன் தனியொருவராகச் சேர்த்த இடைக்கால நாணயங்கள் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டவை. ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் உதவும் பிரதிநிதித்துவத் தொகுதியாக அவற்றை உருவாக்கிய அவர், 2006 இல் மறைந்தபோது அவை பிற்ஸ்வில்லியம் நூதனசாலைக்கு உரியனவாயின. மார்க் பிளாக்பேர்னுடன் அவர் எழுதி 1986 இல் வெளிவந்த ஐரோப்பிய இடைக்கால நாணயங்களின் முதலாம் தொகுதி, கோத்தர் காசுகளை அணுகும் மாணவர்க்கு இன்றும் நுழைவாயிலாக உள்ளது. சேகரிப்பது குற்றமென்ற எளிய முடிவை அவரது பணி மறுத்துரைக்கும்.

குறை சேகரிப்பின் நோக்கத்திலும் பதிவின்மையிலும் தங்கியுள்ளது. காசு எம்மண்ணில், எந்த அடுக்கில், வேறெவற்றோடு கிடைத்தது என்னும் செய்தி அழிந்துவிட்டால், எஞ்சுவது உருவமும் பொறிப்பும் மட்டுமே. உருவமும் பொறிப்பும் மேலே கண்டவாறு வெளியிட்டோரின் விருப்பக் கூற்றுகள். அவற்றைச் சரிபார்க்க உதவும் ஒரே சாட்சி கண்டெடுத்த இடமாகும். உலோகங்காட்டிக் கருவியால் மண்ணிலிருந்து பிடுங்கப்பட்டுக் களிம்பு சுரண்டி விற்கப்படும் காசில் மன்னனின் குரல் எஞ்சும். அவனை மறுத்துரைக்கக்கூடிய சாட்சி அழிந்துபோகும்.

இவ்விழப்பின் தன்மை இலங்கை வரலாற்று மாணவர்க்குப் புதியதன்று. சீகிரியாவிலும் அக்குருகொடவிலும் பிறவிடங்களிலும் பெருந்தொகையாகக் கிடைத்த பிற்கால உரோமச் செப்புக் காசுகள் கோத்தர் அரசு தோன்றுவதற்குச் சற்று முற்பட்ட காலத்தவை. கொட்றிங்ரன் 1924 இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூலில் அவற்றுக்குத் தனியிடம் அளித்தார். அவற்றோடு அவற்றைப் போன்று உள்நாட்டிலேயே செய்யப்பட்ட காசுகளும் கலந்துள்ளன. அவை எக்காலத்தில் வந்தன, எவ்வழியாக வந்தன, இங்கு எவ்வாறு புழங்கின என்னும் வினாக்கள் இன்னும் விவாதத்திலுள்ளன. அவற்றுக்கு விடையளிக்கவல்லது காசின் தெளிவன்று; அது கிடைத்த மண்ணடுக்கின் பதிவாகும். மத்தியதரைக் கடற்கரையிலும் இந்து சமுத்திரக் கரையிலும் பண்டைய செப்புக் காசு எதிர்நோக்கும் இடர் ஒன்றே.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், கிழக்குக் கோத்தர் கால வெண்கலக் காசுகள் ஒரே குரலில் பேசுவன அல்ல என்பது புலனாகும். அவற்றில் முதலிற் கேட்பது செனற்குடியினர் நகரத்தின் பெயரால் எழுப்பிய குரல். அடுத்து வருவது, தன் அரசை விட்டுக்கொடுக்க இசைந்துகொண்டே தன்னை முழு மன்னனாகக் காட்ட முயன்ற தியோடகாட்டின் குரல். இறுதியிற் கேட்பது, இழந்த நகரங்களின் அடைமொழிகளைச் சுமந்துகொண்டு போரிட்ட பாதுயிலாவின் குரல். மன்னர் வரிசை என்னும் ஒற்றைச் சரட்டில் இவற்றைக் கோக்கும்போது முதலாவது குரல் முன்னுரையாகச் சுருங்குகின்றது, இரண்டாவது அதன் அழகினால் உச்சத்தைப் பெறுகின்றது, மூன்றாவது பின்னிணைப்பாகின்றது.

எனவே சேகரிப்போனிடம் வேண்டப்படுவது இரண்டு. காசை விலைக்குக் கொள்ளுமுன் அதன் பிறப்பிடத்தை வினவுதலும், அறிந்தவற்றைக் காசோடு சேர்த்துப் பதிந்துவைத்தலும் ஒன்று. உருவமற்ற, பெயரற்ற, தேய்ந்த காசுக்கும் தட்டில் இடமளித்தல் மற்றொன்று. ஆய்வாளனிடம் வேண்டப்படுவது, தன்முன் வைக்கப்பட்ட தட்டின் ஒழுங்கையே முதலில் கேள்விக்குட்படுத்துதலாகும். உரோமின் கதவுகள் 536 இல் திறந்தபோது கடைவீதிகளில் கைமாறிய காசுகளுள் ‘வெல்லப்படாத உரோம்’ என்று எழுதப்பட்டவையும் இருந்திருத்தல் கூடும். அவற்றைக் கொடுத்துப் பாண் வாங்கியோர் அச்சொற்களை நம்பினரா என்பதைக் காசு கூறாது. அவர்கள் கையிலே அக்காசு எவ்வளவு தேய்ந்தது என்பதை மட்டும் அது கூறும். தேய்ந்த காசைக் கழித்துவிடும் சேகரிப்பு அச்சிறு சாட்சியத்தையும் சேர்த்தே கழித்துவிடுகின்றது.